‘தொழில்’ என்கிற கட்டம்

மோட்டார் வாகன விபத்து நஷ்டஈட்டு மனுவில் இறந்தவரின் பெயர், வயதுக்குப் பிறகு ‘தொழில்’ என்று ஒரு கட்டம் வரும். அடுத்தது, வேலை கொடுத்தவரின் பெயரும் முகவரியும். அதற்கும் அடுத்தது மாத வருமானம். இறந்தவர் ஆண் என்றால் இந்த மூன்று கட்டங்களையும் நிரப்ப அதிக நேரம் ஆகாது. கொத்தனார், லாரி டிரைவர், டீக்கடை என்று ஏதாவது ஒன்று வந்துவிடும். இறந்தவர் பெண் என்றால் பேனா அங்கே நிற்கும். “வீட்லதாங்க இருந்தா” என்பார் கணவர். மனு எழுதுபவர் ‘இல்லத்தரசி’ என்று போட்டுவிட்டு அடுத்த இரண்டு கட்டங்களிலும் கோடு இழுப்பார்.

இந்தக் கோடுகளைப் பற்றி நான் தெரிந்துகொண்டது கம்பைநல்லூரில், எங்கள் வீட்டு மொட்டை மாடியில், 2021 ஜூன் மாதத்தில். கொரோனாவின் இரண்டாம் அலை. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றால்தான் சிக்னல் கிடைக்கும். சென்னையில் இருந்த ஒரு பெண் வழக்கறிஞரிடம் நான்கு வாரம் இணையவழி இன்டர்ன்ஷிப். அவரை நேரில் பார்த்ததில்லை. வழக்குக் கட்டுகளைச் செல்போனில் ஸ்கேன் செய்து வாட்ஸாப்பில் அனுப்புவார். மாலை 5 மணிக்கு வீடியோ அழைப்பில் பேசுவோம். சட்ட நிறுவனங்களுக்கு விண்ணப்பம் போடும்போது இந்த நான்கு வாரத்தை எப்படி எழுதுவது என்பதுதான் இந்தக் கட்டுரை. ஜூனியர் பெண்கள் என்னிடம் அதிகம் கேட்பதும் இதைத்தான்.

இந்திய பார் கவுன்சிலின் 2008-ஆம் ஆண்டு சட்டக்கல்வி விதிகளின்படி ஐந்தாண்டுப் படிப்பில் 20 வாரமும் மூன்றாண்டுப் படிப்பில் 12 வாரமும் இன்டர்ன்ஷிப் முடித்திருக்க வேண்டும். ஓர் ஆண்டில் தொடர்ச்சியாக நான்கு வாரத்துக்கு மேல் செய்யக்கூடாது. விசாரணை நீதிமன்ற வழக்கறிஞரிடமும் மேல்முறையீட்டு வழக்கறிஞரிடமும் படிப்பு முடிவதற்குள் ஒருமுறையாவது இருந்திருக்க வேண்டும். பெரிய நிறுவனத்தில் வேலை வேண்டும் என்றால் இந்த வாரங்கள் சென்னையிலோ பெங்களூரிலோ டெல்லியிலோ கழிந்திருப்பது நல்லது என்பதை விதி சொல்லாது, சீனியர் மாணவர்கள் சொல்லுவார்கள். மொரப்பூரில் ரயில் ஏறினால் சென்னை போய்விடலாம்தான். போனபிறகு எங்கே தங்குவது, யார் செலவு செய்வது, ‘வயசுப் புள்ளய எதுக்குத் தனியா அனுப்பறீங்க’ என்று கேட்கிற சித்தப்பாவுக்கு யார் பதில் சொல்வது? 2017-இல் தருமபுரியில் அரசு சட்டக் கல்லூரி வந்ததால், வெளியூர் விடுதியில் தங்காமலே சட்டம் படிக்க முடியும் என்ற நிலை எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு வந்தது. இன்டர்ன்ஷிப்புக்கு அந்த வசதி வரப் பெருந்தொற்று வேண்டியிருந்தது.

வீட்டிலிருந்து வேலை என்றால் பெண்ணுக்கு என்ன அர்த்தம் என்பது முதல் வாரத்திலேயே தெரிந்துபோனது. தம்பி பொறியியல் முதலாண்டு. அவனுக்கு ஆன்லைன் வகுப்பு நடக்கும்போது அறைக் கதவு சாத்தியிருக்கும். டீ கதவுக்குள்ளே போகும். எனக்குக் கதவு கிடையாது, மாடிப்படிதான். “மேல நின்னுகிட்டு ஃபோன நோண்டிகிட்டே இருக்கறா, அந்தத் துணிய எடுத்துகிட்டு வரக்கூடாதா” என்று அம்மா கத்துவாள். பக்கத்து வீட்டு அக்கா ஆயாவிடம் விசாரித்தார்: “பாப்பா லீவுல சும்மாதான இருக்குது?” ஆயா, “ஆமாங்கண்ணு, சும்மாதான் இருக்குது” என்றார். ஆயா பொய் சொல்கிறவர் இல்லை. நான் வீட்டை விட்டு வெளியே போகவில்லை, எனக்குச் சம்பளம் வரவில்லை. அவருக்குத் தெரிந்த வரையறையில் அது சும்மா இருப்பதுதான்.

இரண்டாம் வாரம் என்னிடம் வந்த கட்டு ஒரு பெண்ணுடையது. சாலையைக் கடக்கும்போது வேன் மோதி இறந்தவர். அவர் பெயர், ஊர் எதையும் இங்கே எழுத முடியாது. விண்ணப்பத்திலும் எழுதவில்லை. கட்சிக்காரர் சொன்னதை வழக்கறிஞர் வெளியே சொல்லக்கூடாது என்கிற சாட்சியச் சட்டத்தின் 126-ஆம் பிரிவை, 127-ஆம் பிரிவு வழக்கறிஞரின் குமாஸ்தாவுக்கும் பணியாளருக்கும் விரிவாக்கியது. (இப்போது புதிய சட்டம், புதிய எண். உள்ளடக்கம் அதேதான்.) இன்டர்ன் எந்த ஊரில், எந்த மாடியில் நின்று கட்டைப் படித்தாலும் இந்த வாய்க்கட்டு உண்டு.

‘தொழில்’ கட்டத்தை நிரப்ப வேண்டியது என் வேலை. அதற்கு முன்னால் அந்த ஆண்டு ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்த கீர்த்தி எதிர் ஓரியண்டல் இன்சூரன்ஸ் தீர்ப்பைப் படிக்கச் சொன்னார் மேடம். 2014-இல் டெல்லியில் நடந்த விபத்து. ஸ்கூட்டரோ பைக்கோ, இரண்டு சக்கரத்தில் போன கணவனும் மனைவியும் கார் மோதி இறந்துபோனார்கள். மனைவி வேலைக்குப் போகாதவர். அவருடைய உழைப்புக்கு என்ன மதிப்பு என்று நீதிபதி என்.வி.ரமணா தனியாக எழுதிய பகுதியில் 2019-ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு வருகிறது. சம்பளமில்லாத வீட்டு வேலையில் பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவழிக்கிறார்கள். ஆண்கள் 97 நிமிடம். மக்கள்தொகைக் கணக்கெடுப்போ வீட்டு வேலை மட்டும் செய்கிற பெண்ணை ‘உழைக்காதவர்’ என்ற வரிசையில்தான் வைக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 1994-இல் சேர்த்த இரண்டாம் அட்டவணை இன்னும் வெளிப்படையானது. சம்பாதிக்காத மனைவி இறந்தால் அவருடைய வருமானமாக, உயிரோடிருக்கிற கணவனின் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கை வைத்துக்கொள்ளலாம் என்றது. கணவன் கலெக்டர் என்றால் அவள் சமைத்த சோற்றுக்கு ஒரு விலை, கூலிக்காரன் என்றால் வேறு விலை.

இறந்தவரின் மகளோடு மேடம் கான்ஃபரன்ஸ் காலில் என்னை இணைத்தார். பிளஸ் ஒன் படிக்கிற பெண். “உங்கம்மா என்ன வேலை பண்ணிட்டு இருந்தாங்கம்மா?” என்று கேட்டேன். “ஒண்ணும் இல்லக்கா. வீட்ல சும்மாதான் இருந்தாங்க.” சற்று நேரம் எனக்கு அடுத்த கேள்வி வரவில்லை. பிறகு, “காலையில வீட்ல மொதல்ல எந்திரிக்கிறது யாரு?” என்றேன்.

அப்புறம் நான் எதுவும் கேட்கத் தேவைப்படவில்லை. நாலரைக்கு அம்மா எழுந்திரிப்பார். சாணி அள்ளி, தீவனம் வைத்து, இரண்டு மாட்டிலும் பால் கறந்து சொசைட்டியில் ஊற்றிவிட்டு வருவார். சோறாக்கி, பாட்டிக்கு இன்சுலின் போட்டுவிட்டு, தம்பியைப் பள்ளிக்கு அனுப்புவார். களையெடுக்கிற பருவத்தில் கூலிக்குப் போவார், மற்ற நாளில் சொந்த நிலத்தில் நிற்பார். சாயங்காலம் மறுபடி பால். மகளிர் குழுக் கடன் வாரத் தவணையை எழுதி வைத்துக்கொள்வது அவர்தான், அப்பாவுக்கு எழுத வராது. சொல்லிக்கொண்டே வந்த குரல் ஓரிடத்தில் நின்றது. “இப்ப மாடு ரெண்டையும் வித்துட்டோங்கக்கா” என்றாள்.

பால் சொசைட்டியின் பாஸ்புத்தகம் கணவர் பெயரில் இருந்தது. மேடமிடம் சொன்னேன். “அதத்தான் தேடிகிட்டு இருந்தேன்” என்றார். அந்தம்மா இறந்த பிறகு புத்தகத்தில் பால் அளவு பாதியாகி, இரண்டாவது மாதத்தில் பூஜ்யமாகியிருந்தது. யார் பெயரில் கணக்கு இருந்தது என்பதைவிட, யார் செத்தபோது கணக்கு நின்றது என்பது பெரிய சாட்சியம். நான் எழுதிய குறிப்பு 11 பக்கம். மூன்று முறை சிவப்புக் கோடோடு திரும்பி வந்தது. கடைசியில் அதிலிருந்து இரண்டு பத்திகள் மனுவுக்குள் போயின. ‘இல்லத்தரசி’ இருந்த இடத்தில் ‘பால் உற்பத்தி, விவசாயக் கூலி, வீட்டு நிர்வாகம், முதியோர் பராமரிப்பு’ என்று வந்தது. வழக்கு இரண்டு வருடம் கழித்து லோக் அதாலத்தில் சமரசமாக முடிந்ததாக மேடம் சொன்னார்.

படிப்பின் கடைசி ஆண்டில் நிறுவனங்களுக்கு விண்ணப்பம் எழுத உட்கார்ந்தபோது, அதே மூன்று கட்டங்கள் கணினித் திரையில் வந்து நின்றன. பதவி. நிறுவனம். காலம். என் வகுப்புத் தோழிகள் இரண்டு பக்கமாகப் பிரிந்தார்கள். ஒரு பக்கம், “ஆன்லைன்ல பண்ணதெல்லாம் யாரும் கணக்குல எடுக்க மாட்டாங்கடி” என்று அதை எழுதாமலே விட்டவர்கள். இவர்கள் எல்லாரும் சின்ன ஊர்ப் பெண்கள். இன்னொரு பக்கம், ஆறு மணி நேரம் இணையத்தில் செய்த ஒரு பாவனைப் பயிற்சியை, உலகப் பெரிய நிறுவனத்தில் ‘இன்டர்ன்’ என்று எழுதியவர்கள். இவர்களில் ஆண்கள் அதிகம் என்று சொன்னால் கோபித்துக்கொள்வார்கள், ஆனால் அதிகம்தான்.

இந்தப் பாவனைப் பயிற்சி என்ன என்று தெரியாதவர்களுக்காக: ஆஸ்திரேலியாவில் தொடங்கிய ஃபோரேஜ் என்கிற தளத்தில் லிங்க்லேட்டர்ஸ், கிளிஃபர்ட் சான்ஸ் போன்ற லண்டன் நிறுவனங்களின் பெயரில் இலவசப் பயிற்சிகள் வந்தன. கற்பனையான கட்சிக்காரர், கற்பனையான ஒப்பந்தம். மின்னஞ்சல் எழுது, இந்த ஷரத்தில் என்ன ஆபத்து என்று சொல், என்று பணி தருவார்கள். எழுதிப் பதிவேற்றினால் மாதிரி விடை திறக்கும். நம் விடையை யாரும் படிப்பதில்லை. தேர்வு இல்லை, மதிப்பெண் இல்லை. முடித்தவர் எல்லாருக்கும் சான்றிதழ். நான் இரண்டு செய்தேன். கட்சிக்காரருக்கு ஆங்கிலத்தில் எவ்வளவு சுருக்கமாக எழுதலாம் என்பதை அங்கேதான் கற்றுக்கொண்டேன். எங்கள் வகுப்பில் யாரும் அதைச் சொல்லித் தந்திருக்கவில்லை. ஆகவே அதை மட்டமாகப் பேச எனக்கு மனமில்லை. ஆனாலும் அது இன்டர்ன்ஷிப் இல்லை. அந்த நிறுவனத்தில் நம்மை யாருக்கும் தெரியாது. அங்கே வேலை செய்ததாக எழுதினால் நேர்காணலின் இரண்டாவது கேள்வியிலேயே விழுந்துவிடும்: “எந்த பார்ட்னரிடம் இருந்தீர்கள்?”

நான் அந்த இரண்டையும் வேலை அனுபவப் பகுதியில் வைக்கவில்லை, ‘பிற பயிற்சிகள்’ என்ற தலைப்பின் கீழ் வைத்தேன். யார் வேண்டுமானாலும் சேரக்கூடிய பயிற்சி, சுமார் ஆறு மணி நேரம், கற்பனை வழக்கு என்று மூன்றையும் எழுதினேன். கூடவே ஒரு வரி: என் விடைக்கும் மாதிரி விடைக்கும் இருந்த வித்தியாசம். நான் எழுதிய மின்னஞ்சலில் முடிவு நான்காவது பத்தியில் இருந்தது, மாதிரியில் முதல் வரியிலேயே இருந்தது. சான்றிதழ் எல்லாரிடமும் இருக்கும். இந்த வரி என்னிடம் மட்டும்தான் இருக்கும்.

நான்கு வார இன்டர்ன்ஷிப்பை ‘வேலை அனுபவம்’ பகுதியின் முதலில் வைத்தேன். தலைப்பிலேயே ‘இணையவழி’ என்று போட்டேன். ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: “விபத்து நஷ்டஈட்டு வழக்கு ஒன்றில், வருமான ஆவணம் இல்லாத ஒரு பெண்ணின் உழைப்பை நிரூபிப்பதற்கான 11 பக்கக் குறிப்பைத் தயாரித்தேன். குடும்பத்தினரைத் தொலைபேசியில் விசாரித்து, கூட்டுறவுப் பால் கணக்கை வருமான ஆதாரமாகப் பயன்படுத்தலாம் என்று பரிந்துரைத்தேன். வழக்கறிஞரின் திருத்தங்களுக்குப் பிறகு இரண்டு பத்திகள் மனுவில் சேர்க்கப்பட்டன.” பெயர் இல்லை, ஊர் இல்லை, பெருமையும் இல்லை. திருத்தம் வந்ததையும் எழுதினேன். இன்டர்ன் எழுதியது அப்படியே மனுவானது என்றால் எந்த வழக்கறிஞரும் நம்பமாட்டார். இறந்துபோன ஒருவருக்காக வினைச்சொல்லாகத் தேடி எழுதிய பெண், தன் முறை வரும்போது ‘உதவினேன்’ என்று மட்டும் எழுதிவிட்டுப் போக முடியுமா?

‘உதவி’ என்கிற சொல்மீது எனக்குக் கோபம் உண்டு. கொர்னீலியா சொராப்ஜி 1892-இல் ஆக்ஸ்ஃபோர்டில் சட்டத் தேர்வு எழுதினார். பெண் என்பதால் பட்டம் தரவில்லை. முப்பது வருடம் கழித்துத்தான் தந்தார்கள். 1904-இல் அரசு அவருக்கு ஒரு பதவி கொடுத்தது. கோஷாப் பெண்களின் சொத்துகளையும் பிள்ளைகளின் உரிமைகளையும் காப்பாற்ற, வங்காளத்து ஜமீன்களுக்கு அலைந்து திரிந்து சட்ட ஆலோசனை சொல்கிற வேலை. பதவியின் பெயர் ‘லேடி அசிஸ்டென்ட்’. பெண்கள் வழக்கறிஞராகலாம் என்ற சட்டம் 1923-இல் வந்தது. அதுவரை அவர் செய்ததெல்லாம் உதவி.

நேர்காணலில் என்ன ஆனது என்று கேட்பீர்கள். பெங்களூரில் ஒரு பெரிய நிறுவனம். மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். “ஆன்லைனா? அப்போ கோர்ட் பக்கமே போகலையா?” என்று ஒருவர் சிரித்தார். அந்த மாதத்தில் கோர்ட்டும் ஆன்லைனில்தான் நடந்தது என்றேன். அது உண்மை. 2021 ஜூனில் நீதிபதிகளும் திரையில்தான் இருந்தார்கள். அவருக்குப் பிடிக்கவில்லை. வேலை கிடைக்கவில்லை. அந்த ஒரு பதிலால்தான் என்று சொல்லமாட்டேன்.

நேரில் இருப்பது என்பதே அவ்வளவு எளிதாகக் கிடைத்ததும் இல்லை. உச்ச நீதிமன்றத்தில் புதிய வழக்குகள் வருகிற திங்கள், வெள்ளி நாட்களில் இன்டர்ன்களை உள்ளே விடமாட்டார்கள். சட்ட மாணவராக இருந்த ஸ்வப்னில் திரிபாதி இதை எதிர்த்து வழக்குப் போட்டார். 2018 செப்டம்பர் 26 அன்று, விசாரணைகளை நேரலையில் காட்டலாம் என்று தீர்ப்பு வந்தது. 2022 செப்டம்பர் 27 அன்று அரசியல் சாசன அமர்வின் விசாரணைகள் நேரலையாகத் தொடங்கின. டெல்லியில் வாசலில் நின்ற மாணவருக்கும் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்ற எனக்கும் கடைசியில் ஒரே திரை.

அதற்காக நேரில் போகாதே என்று யாருக்கும் சொல்லமாட்டேன். குறுக்கு விசாரணையில் ஒரு சாட்சி பதில் சொல்லுமுன் யாரைப் பார்க்கிறார் என்பது திரையில் தெரியாது. எங்கள் பக்கத்து அரூர் வட்டத்து வாச்சாத்திப் பெண்கள், 1992 ஜூனில் தங்களுக்கு நடந்ததைத் தருமபுரி நீதிமன்றத்தில் நேரில் வந்து சொன்னார்கள். 2011 செப்டம்பர் 29 அன்று குற்றம்சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. 54 பேர் அதற்குள் இறந்துபோயிருந்தார்கள். அந்தக் கட்டிடத்துக்குள் நுழையாமல் சட்டம் படித்து முடிக்க நான் விரும்பவில்லை. தருமபுரியில் ஒரு சீனியரிடம் எட்டு வாரம் இருந்தேன், இரண்டு விடுமுறைகளில் நான்கு நான்கு வாரமாக. விண்ணப்பத்தில் அது இரண்டாவதாக வந்தது. அங்கே பெரும்பாலும் வாய்தா தேதி குறித்துக்கொண்டிருந்தேன், அதையும் அப்படியேதான் எழுதினேன்.

இணையவழியை வீட்டார் ஒப்புக்கொண்டதற்கு இன்னொரு காரணம் உண்டு, அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. 2013 நவம்பரில் ஓர் இளம் பெண் வழக்கறிஞர், தான் இன்டர்ன்ஷிப்பில் இருந்தபோது ஓய்வுபெற்ற உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவர் தவறாக நடந்துகொண்டதாக எழுதினார். உச்ச நீதிமன்றம் மூன்று நீதிபதிகள் கொண்ட குழுவை அமைக்க வேண்டிவந்தது. அதே ஆண்டு வந்த பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், சம்பளம் வாங்காதவரையும் பயிற்சியில் இருப்பவரையும் ‘பணியாளர்’ என்றது. வீட்டையும் பணியிடமாக எண்ணியது. மாடியில் நின்ற எனக்குச் சம்பளம் இல்லை, அலுவலகம் இல்லை. ஆனால் இந்தச் சட்டத்தின் கண்ணில் நான் பணியாளர், என் வீடு பணியிடம். இரவு 11 மணிக்கு ‘ஒரு சின்ன டவுட்’ என்று வீடியோ அழைப்பில் வருகிற சீனியருக்கும் இது பொருந்தும். ஒரு சட்டம் இவ்வளவு தெளிவாகச் சொன்ன பிறகும் ‘வேலை அனுபவம்’ என்று எழுதக் கை கூசுகிறது என்றால், அந்தக் கூச்சத்தை நமக்கு யாரோ பழக்கியிருக்கிறார்கள்.

எனக்கு வேலை கிடைத்தது சென்னையில் ஒரு சிறிய நிறுவனத்தில். அங்கே நேர்காணல் செய்த பார்ட்னர் என் கல்லூரியைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. பால் சொசைட்டி பாஸ்புத்தகத்தைப் பற்றியே கால் மணி நேரம் கேட்டார். கணவர் பெயரில் இருக்கிற புத்தகத்தை மனைவியின் வருமானத்துக்குச் சாட்சியமாகக் கொடுத்தால் எதிர்த்தரப்பு என்ன சொல்லும்? சொசைட்டிச் செயலாளரைச் சாட்சியாகக் கூப்பிடுவாயா? எனக்குப் பாதிக்குத்தான் பதில் தெரிந்தது. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் கண்ணையன் நாயுடு வழக்கில், கணவர் வெளிநாட்டில் சம்பாதித்து வாங்கிய சொத்தில் வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவிக்கும் பங்கு உண்டு என்று சொன்னபோது, அந்தப் பார்ட்னர்தான் முதலில் தீர்ப்பை எனக்கு அனுப்பினார்.

போன மாதம் காரிமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு மாணவி தன் பயோடேட்டாவை அனுப்பியிருந்தாள். இணையவழி இன்டர்ன்ஷிப், ஒரே ஒரு வரி: ‘ஆராய்ச்சியில் உதவினேன்.’ என்ன ஆராய்ச்சி, யார் கேட்டது, எத்தனை பக்கம், அதை வைத்து அவர் என்ன செய்தார் என்று கேட்டு அனுப்பினேன். “பெருசா ஒண்ணும் பண்ணலக்கா” என்று பதில் வந்தது. “காலையில் எத்தனை மணிக்கு உட்காருவாய்?” என்று கேட்டேன். இரவு பத்தரைக்கு ஒரு குரல் பதிவு வந்தது. ஒன்பது நிமிடம். பின்னணியில் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.